தெருவுக்கு ஒரு தீயணைப்புக் குழு

(ஈஜிபுராவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் இம்மேடையில் பேசியவர்கள் புலவர்கள். நான் புலவன் அல்லேன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புக்கும் பதிவேட்டுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஒரு குமாஸ்தா. 'பயனுள்ள பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுக' என்று செயலாளர் பணித்தார். மதுரையை எரித்த தீயைப் பற்றித் தமிழர்களாகிய நாம் ஆயிரம் மேடைகளில் பேசியிருக்கிறோம். நான் தீயை அணைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும், அவ்வேலையைச் சம்பளத்துக்காக அன்றித் தாமே விரும்பி ஏற்றுக்கொள்ளும் தெரு மக்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாம் வாழும் இடத்தை நோக்குவோம். கோரமங்களாவுக்கும் தொம்லூருக்கும் அருகே, ஒரு காலத்தில் சிற்றூராய் இருந்து, பின்னர்ப் பெருநகரம் தன்னுள் இழுத்துக்கொண்ட இடம் நம் ஈஜிபுரா. இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடியோ நான்கு மாடியோ எழுப்பி, மாடிக்கு இரண்டு குடித்தனம் வைத்திருக்கிறார்கள். ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு. மூன்றடி அகலம் இருந்தால் பெரிது. அந்தப் படிக்கட்டின் அடியிலேதான் மின்சார மீட்டர் பலகை. பலகைக்கு அருகிலேயே பெட்ரோல் நிறைந்த இருசக்கர வண்டிகள். இப்பொழுது மின்னேற்றம் செய்ய நிறுத்தும் வண்டிகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு குடித்தனத்திலும் எரிவாயு உருளை ஒன்றோ இரண்டோ உண்டு. திருட்டுக்கு அஞ்சிச் சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. அதன் சாவி வீட்டுக்காரரிடம். வீட்டுக்காரரோ வேறொரு பேட்டையில்.

குறை கூறும் நோக்கத்தோடு இதைச் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளில்தான் வாழ்கிறோம். நம் வருவாய்க்கு ஏற்ற வீடு இதுவே. வீட்டை மாற்ற இயலாதவர்கள், வீட்டில் நடந்துகொள்ளும் முறையையேனும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

2017 அக்டோபர் 16-ஆம் நாள் காலையில் நம் ஈஜிபுராவிலேயே ஒரு மாடிவீடு இடிந்து விழுந்தது. எரிவாயு உருளை வெடித்ததே காரணம் என்று கூறப்பட்டது. ஆறேழு உயிர்கள் மாண்டன. இடிபாட்டினின்று ஒரு சிறு பெண்குழந்தை உயிருடன் மீட்கப்பட்டாள். அத்துயரை நான் விரித்துரைக்கப் போவதில்லை. அக்குடும்பங்களை அறிந்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கக்கூடும்.

அதற்கு ஏழாண்டு முன், 2010 பிப்ரவரி 23-இல், நமக்கு அணித்தே பழைய விமான நிலையச் சாலையில், கார்ல்டன் டவர்ஸ் என்னும் ஏழு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மின்கம்பிகள் செல்லும் வழியில் தோன்றிய தீயின் புகை மாடிகளைச் சூழ்ந்தது. மூச்சுத் திணறிச் சன்னல் வழியே குதித்தவர்களும் உளர். ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரின் தந்தை, அழுது ஓய்ந்ததோடு நில்லாமல், 'பியாண்ட் கார்ல்டன்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்துத் தீப் பாதுகாப்புக்காகப் பாடுபட்டு வருகிறார். இந்நகரின் பெரியவர்களைக் கேட்டால், 1981 பிப்ரவரி 7-இல் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்த கதையைச் சொல்வார்கள். அதில் மாண்டவர் 92 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். நம் தாயகத்திலோ, 2004-ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் எரிந்தது. ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் மறைந்தனர்.

இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. இத்தகைய விபத்துகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தீ சுட்டுக் கொல்வதைவிடப் புகை மூச்சை அடைத்துக் கொல்வதே மிகுதி. அதுவும் முதற் சில நிமிடங்களில். வழி பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா? மேலே போவதா, கீழே வருவதா? எவரேனும் சொன்னார்களா, சொல்லவில்லையா? உயிரும் சாவும் இவற்றிலேதான் இருக்கின்றன.

101 என்று அழைத்தால் தீயணைப்பு வண்டி புறப்படும். 112 என்று அழைத்தாலும் உதவி வரும். அவ்வீரர்களின் கடமையுணர்ச்சியை நான் ஒரு சொல்லாலும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களுடைய வண்டியும் நம் சாலையில்தானே வரவேண்டும்? ஈஜிபுரா மேம்பால வேலை 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்டதையும், அந்நாட்களில் அலுவலகத்துக்குப் போய்வர நாம் பட்ட பாட்டையும் எவரும் மறந்திருக்க முடியாது. பெருஞ்சாலையைக் கடந்து வந்தாலும், நம் தெரு முனையில் நிற்கும் கார்களைக் கடக்க வேண்டும். ஆகவே, வண்டி வந்து சேரும் வரையுள்ள அந்தப் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, எந்த அரசாங்கத்துக்கும் உரியதன்று. அது தெருவில் இருப்பவர்களுக்கு உரியது. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். கிராமத்தில் கோடைக் காலத்தில் ஒரு கூரை பற்றிக்கொண்டால் என்ன செய்தார்கள்? 'தீ, தீ' என்ற குரல் கேட்டவுடன் கிணற்றடியிலிருந்து எரியும் வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குடம் கைமாறிக் கைமாறி வந்தது. இளைஞர் சிலர் எரியும் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிக் கீற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். தீ தாவுவதற்கு வழியில்லாமற் போயிற்று. நனைத்த சாக்கால் பொறிகளை அடித்தார்கள். மாட்டை அவிழ்த்துவிட ஒருவர், கிழவியைத் தூக்கிவர ஒருவர் என்று எவரும் சொல்லாமலே வேலை பிரிந்தது. அதற்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. ஆயினும் அது ஒரு தீயணைப்புக் குழுவே. பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்த நாம் ஊரிலிருந்து மொழியைக் கொண்டுவந்தோம், கோயிலைக் கொண்டுவந்தோம், சாதத்தையும் சாம்பாரையும் கொண்டுவந்தோம். இந்த ஒன்றை மட்டும் பேருந்து நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த குடித்தனத்தில் யார் இருக்கிறார் என்பதையே அறியாதவன், அவர் வீடு எரியும்போது எவரைத் தூக்கிவர ஓடுவான்?

நம்மிடையே ஒரு பழமொழி உண்டு: 'எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம்.' இப்பழமொழி பிறப்பதற்கு எத்தனை வீடுகள் எரிந்து, எத்தனை பொருள்கள் களவு போயிருக்க வேண்டும்! இந்தத் தீமைக்கும் ஒருவர் முன்னரே வழி கண்டிருக்கிறார். அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில் 1736 டிசம்பர் 7-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களைச் சேர்த்து 'யூனியன் தீயணைப்புக் குழு'வைத் தொடங்கினார். உறுப்பினர் முப்பதின்மர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். அவற்றோடு வலிய துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். பை எதற்கு? எரியும் வீட்டுப் பண்டங்களை அதில் அள்ளி, களவு போகாமல் காத்து, உரியவரிடம் ஒப்படைப்பதற்கு. நாம் பழமொழி செய்து வைத்தோம். அவர்கள் பை தைத்து வைத்தார்கள்.

அக்குழு மாதந்தோறும் கூடியது. வராதவர் அபராதம் கட்டினார். அந்த அபராதப் பணத்திலேயே ஏணியும் துறட்டியும் தண்ணீர் இறைக்கும் எந்திரமும் வாங்கினார்கள். மேலும் பலர் சேர விரும்பியபோது, 'உங்களுக்கென்று வேறொரு குழு தொடங்குங்கள்' என்று அறிவுரை கூறினார்கள். இவ்வாறு குழுக்கள் பெருகின. சந்தா, கூட்டம், வராதவர் மீது வருத்தம் ஆகியவை நம் சங்கத்துக்குப் புதியன அல்ல. அபராதம் ஒன்றுதான் இன்னும் வரவில்லை. பொருளாளர் அவர்கள் கவனிப்பாராக!

அந்நாட்டின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இன்றும் தொண்டர்களே. சிற்றூர்களில் முடிதிருத்துபவரும் ரொட்டி சுடுபவரும் ஆசிரியரும் மணியோசை கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். வண்டிக்குப் பணம் சேர்க்க விருந்து நடத்திச் சீட்டு விற்கிறார்கள். ஜெர்மனியில் இத்தகைய தொண்டர் பத்து இலட்சத்தை ஒட்டியவர். ஆயினும் நம்மைப் போன்ற குடிபெயர்ந்தவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய நாடு வேறொன்று. அது தென் அமெரிக்காவிலுள்ள சிலி.

சிலி நாட்டின் தீயணைப்புப் படை முழுவதும் தொண்டர் படையே. 1851-இல் வால்பரைசோ என்னும் துறைமுக நகரில் அது தொடங்கிற்று. கடல் கடந்து வந்து வாணிகம் செய்த அயல்நாட்டார் பலர் அந்நகரில் வாழ்ந்தனர். ஜெர்மானியர் தமக்கென ஒரு குழு அமைத்தனர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் ஒன்று, இத்தாலியர் ஒன்று, ஆங்கிலேயர் ஒன்று அமைத்தனர். தத்தம் நாட்டின் பெயரையும் நினைவையும் தாங்கியே அக்குழுக்கள் விளங்கின. ஆனால் அவர்கள் இறைத்த தண்ணீர் ஊரார் அனைவரின் கூரை மேலும் விழுந்தது. வந்தேறிகளாக வந்தவர்கள் இவ்வாறு அந்நகரின் மக்கள் ஆயினர். தம் மொழியை விட்டுக்கொடுத்து ஊராரின் அன்பைப் பெறுவது ஒரு வழி. தம் மொழியோடு நின்றே ஊராருக்கு உழைத்து அன்பைப் பெறுவது மற்றொரு வழி. வால்பரைசோவில் அவர்கள் தேர்ந்தது இரண்டாம் வழி.

நம் நாட்டுக்கு வருவோம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றியிருந்த கப்பல் அது. தீயை அணைக்கப் போராடிய வீரர்கள் 66 பேர் அங்கேயே மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நமக்கோ பல ஆண்டுகளில் அது சித்திரைப் புத்தாண்டு நாள். பாயசம் உண்ணும் நாளில் அந்த 66 பேரை ஒரு நொடி நினைப்பது தகும்.

தொண்டர்களுக்கும் நம் நாட்டில் சட்டப்படி இடம் உண்டு. 1962, 1965 ஆண்டுகளின் போர்களுக்குப் பின், 1968-இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் அதைத் திருத்தி, போர்க்காலத்துக்கு மட்டுமன்றி வெள்ளம், தீ, நிலநடுக்கம் போன்ற பேரிடர்களுக்கும் அதை விரித்தார்கள். அதன் பணிகளில் ஒன்று தீயணைப்பு. நான் பணிபுரியும் இரயில்வேயிலும் குடிமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. 2016-இல் 'ஆப்தா மித்ரா' என்னும் திட்டத்தின் கீழ்ப் பொதுமக்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். 2025 மே 7-இல் நாடெங்கும் சங்கொலி எழுப்பி ஒத்திகை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே வாயில் திறந்தே இருக்கிறது. உள்ளே செல்பவர்தாம் குறைவு.

இரயில் நிலையங்களில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடி தட்டையாக இராது, உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். வேறு வேலைக்கு எவரும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். அந்த அறிவைக் கண்டு நான் வியந்ததுண்டு. ஆனால் நான் கண்ட ஒரு நிலையத்தில் மணல் வாளிக்குள் மணலைவிடப் பீடித் துண்டுகளே மிகுதியாக இருந்தன. வாளியைச் செய்வது எளிது. அதை நாள்தோறும் நினைவில் வைப்பதே அரிது. தீயணைப்புக் குழுவின் உயிர்நாடி வீரம் அன்று, நினைவு.

இனி, எங்கள் தெருவில் நாங்கள் மூன்றாண்டுகளாக நடத்திவரும் சிறு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. உறுப்பினர் 17 பேர். அவர்களுள் தமிழர் எண்மர். ஏனையோர் கன்னடியர், தெலுங்கர், மலையாளி, உருது பேசும் மெக்கானிக் ஒருவர். மாதச் சந்தா 50 ரூபாய். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடி அரைமணி நேரம் பயிற்சி செய்கிறோம். பதிவேடு எழுதும் வேலை, சொல்லவும் வேண்டுமோ, என்னுடையது.

அந்த 17 பேரில் பதினொருவர் பெண்கள். இது தற்செயலாக அமைந்ததன்று. தொடக்கத்தில் இளைஞர்களாகப் பார்த்துச் சேர்த்தோம். முதற் கூட்டத்திலேயே பூ விற்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, "பகல் பதினொரு மணிக்குத் தீப்பிடித்தால் நீங்களெல்லாம் எங்கே இருப்பீர்கள், அண்ணா?" என்று கேட்டார். ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. அடுப்பு எரியும் நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் தாய்மார்களும் முதியவர்களுமே. ஆகையால் பயிற்சி அவர்களுக்கே முதலில் தேவை என்று முடிவு செய்தோம். இன்று எங்கள் குழுவின் தலைவர் அந்த அம்மையாரே.

எங்கள் கருவிகள் மிகச் சில. ஒன்பது லிட்டர் கொள்ளும் வாளிகள் ஆறு, மணல் வாளிகள் நான்கு, உலர்தூள் தீயணைப்பான்கள் மூன்று, கம்பளி இரண்டு, கயிறு, கடப்பாரை, கைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பெட்டி. இவற்றைவிட மதிப்புடையது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் எந்த மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார், கைக்குழந்தை எங்கே, காது கேளாதவர் யார், மின் இணைப்பைத் துண்டிக்கும் பிடி எங்கே, மொட்டைமாடிச் சாவி எங்கே என்பவை அதில் உள்ளன. சாவிக்காக வீட்டுக்காரர்களிடம் நாங்கள் நடந்த நடை கொஞ்சமன்று. 'திருடன் வந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்டார்கள். கடைசியில், ஒவ்வொரு வீட்டு மேல்மாடியிலும் கண்ணாடி போட்ட சிறு பெட்டிக்குள் சாவியைத் தொங்கவிடுவதற்கு இணங்கினார்கள். தெருவில் 31 வீடுகள். 26 வீடுகளில் இப்பொழுது சாவிப் பெட்டி உண்டு. மீதி ஐந்துக்கும் நடந்துகொண்டிருக்கிறோம்.

மூன்றாண்டில் பதிவேட்டில் ஏறிய அழைப்புகள் 23. அவற்றுள் தீ எனத் தக்கவை நான்கே. ஏனையவை எரிவாயு நாற்றம், உள்ளே தாழிட்டுக்கொண்ட குழந்தை, மின்கம்பத்தில் ஏறி இறங்கத் தெரியாத பூனை முதலியன. பூனைக்காக மின்வாரியத்தாரை அழைத்தோம், நாங்கள் ஏறவில்லை. செய்யத் தகாததைச் செய்யாமலிருப்பதும் தொண்டனுக்கு ஒரு பயிற்சியே.

எங்களுக்குக் கற்பிக்கப்பட்டவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு பரவித் தேங்கும். அதற்கு இயல்பாக மணமில்லை. நாம் அறிந்துகொள்வதற்காகவே நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரிகின்ற விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பிறக்கும். உருளையின் திறப்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறிய பின் 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை நிறுத்தித் தட்டால் மூட வேண்டும். மின்சாரத் தீயில் முதலில் மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும். தீயணைப்பானைச் சுடரின் உச்சிக்கு அன்றி அடிக்குக் குறிவைக்க வேண்டும். அது சில விநாடிகளே பீய்ச்சும். தீப்புண்ணில் மாவும் மையும் பற்பசையும் தடவாமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். புகை நிறைந்த அறையில் தவழ்ந்து செல்ல வேண்டும். நல்ல காற்று தரையை ஒட்டியே இருக்கும்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, எதிர் வீட்டுப் படிக்கட்டின் அடியில் மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. நேரம் ஒன்றரை மணி. பக்கத்தில் நான்கு வண்டிகள். ஊதல் ஊதியது, ஆறு நிமிடத்தில் ஒன்பது பேர் வந்துவிட்டோம் என்று பதிவேடு சொல்கிறது. வெளியேயிருந்த பிடியை இழுத்து மின்பணியாளர் ஒருவர் இணைப்பைத் துண்டித்தார். அவரும் எங்கள் உறுப்பினரே. இருவர் தீயணைப்பானை இயக்கினர். இருவர் வண்டிகளை வெளியே இழுத்தனர். ஆனால் புகை படிக்கட்டு வழியே மேலேறிவிட்டது. மூன்றாம் மாடியில் இருந்தவர்கள் கீழே ஓடிவர முற்பட்டார்கள். இறங்கியிருந்தால் புகைக்குள்ளேயே இறங்கியிருப்பார்கள். எங்கள் தலைவர் தெருவில் நின்று குரல் கொடுத்தார், முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில்: "கீழே வராதீர்கள், மேலே போங்கள், சாவி பெட்டியில் இருக்கிறது." பதினான்கு பேர் மொட்டைமாடிக்குப் போய் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது தீ அணைந்திருந்தது. வீரர்கள் முழுவதும் சோதித்துப் பார்த்து, புகை அடங்கிய பின் எல்லாரையும் இறக்கினார்கள். நோட்டுப் புத்தகத்தை வைத்து நான் பெயர் வாசித்தேன். பதினான்கும் சரியாக இருந்தது. என் அலுவலகத்தில் எத்தனையோ கணக்குகளை நான் சரிபார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு நேரானபோது அடைந்த மகிழ்ச்சியை வேறெதிலும் அடைந்ததில்லை.

அவர் ஏன் முதலில் கன்னடத்தில் கூவினார் என்று சிலர் பின்னர்க் கேட்டார்கள். மூன்றாம் மாடியில் இருந்தவர்கள் கன்னடியர், அவ்வளவுதான். நம் சங்கத்தார் அனைவரும் சில கன்னடச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். தீ என்பது 'பெங்கி'. புகை என்பது 'ஹொகெ'. கதவைத் திறவுங்கள் என்பது 'பாகிலு தெகெயிரி'. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது 'ஒளகெ யாராதரூ இத்தாரா'. கூர்ந்து கேளுங்கள்: நம் புகையே அங்கு ஹொகெ, நம் வாயிலே அங்குப் பாகிலு. அயல்மொழி என்று நாம் எண்ணுவது உண்மையில் அடுத்த குடித்தனத்து மொழியே.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. 2016 செப்டம்பர் 12-இல் காவிரி நீர் பற்றிய கலவரத்தில் இந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய வண்டிகளும் பேருந்துகளும் எரிந்தன. அன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்த அச்சத்தை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும் அந்தத் தீயை அணைக்கப் போனவர்களும் இம்மாநிலத்துத் தீயணைப்பு வீரர்களே. வைத்தவன் பெயரை ஒரு பக்கத்திலும், அணைத்தவன் பெயரை மறுபக்கத்திலும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். ஒரு பக்கத்தை மட்டும் படிப்பவன் நல்ல குமாஸ்தா ஆக மாட்டான். நல்ல அண்டை வீட்டானும் ஆக மாட்டான்.

அன்பர்களே! நான் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் சங்க உறுப்பினர் வாழும் ஒவ்வொரு தெருவிலும் இத்தகைய ஒரு குழு அமைய வேண்டும். அது தமிழர் குழுவாக அன்றித் தெருவார் குழுவாக இருக்கட்டும். தொடங்கியவர் தமிழர் என்பது மட்டும் நம் பெருமையாக இருக்கட்டும். இரண்டாவது, விழாவின் அலங்காரச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு மூன்று தெருக்களுக்குத் தீயணைப்பானும் வாளியும் வாங்கித் தரவேண்டும். சரவிளக்கு இரண்டு வரிசை குறைந்தால் தமிழன்னை வருந்த மாட்டாள். மூன்றாவது, பதினெட்டு வயது நிரம்பிய நம் பிள்ளைகள் குடிமைப் பாதுகாப்பில் சேர்ந்து முறையாகப் பயிற்சி பெற வேண்டும். பட்டிமன்றத்தில் பேசும் பிள்ளைக்குக் கைதட்டுவதைப் போலவே, ஏணி ஏறக் கற்ற பிள்ளைக்கும் இம்மேடையில் பரிசளிக்க வேண்டும்.

வைக்கோற்போருக்கு முன் தீ வந்தால் என்ன ஆகும் என்று வள்ளுவர் எடுத்துக்காட்டியதை இவ்வவையில் அறியாதவர் இல்லை. அறிந்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சாவியாகத் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை ஒத்திகை பார்ப்பதே எஞ்சிய வேலை.

கடைசியாக ஒன்று. இம்மண்டபத்துக்கு வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, பின்வாயிலைப் பார்த்து வந்தது. அது திறந்திருக்கிறது, ஆனால் அதன் எதிரே முப்பது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சியாகிய குழந்தைகள் நடனம் தொடங்குவதற்குள், பின்வரிசையில் இருக்கும் இளைஞர்கள் பத்துப் பேர் எழுந்து அவற்றை அப்புறப்படுத்துமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். என் உரைக்கு நீங்கள் தரும் கைதட்டலாக அதை ஏற்றுக்கொள்வேன்.